தாத்தா குடித்ததே இல்லை

அம்மாவின் அப்பாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே, 54 வயதில் போய்விட்டார். அவரைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: குடித்துக் குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டார். தள்ளாடித் தள்ளாடி நடப்பாராம், பேச்சு குழறுமாம், திடீரென்று கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவாராம். வேலையிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். பாட்டி மட்டும் கடைசிவரை ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவர் ஒரு சொட்டு தொட்டதில்ல." யாரும் நம்பவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

பாட்டி சொன்னது உண்மை என்று எங்களுக்குத் தெரிய 28 வருடம் ஆனது. 2017-ல் அம்மாவின் இரத்தத்தைச் சோதித்து வந்த ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருந்தன: 17, 44. அந்த 44 தாத்தா கொடுத்தது.

ஹண்டிங்டன் நோய் என்று அதற்குப் பெயர். ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற மருத்துவர் 1872-ல் விவரமாக எழுதியதால் அந்தப் பெயர். மூளையின் ஆழத்தில், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கைகால் தானாக அசையும், நடை தள்ளாடும், குணம் மாறும், யோசிக்கும் வேகம் குறையும். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். தள்ளாட்டத்தையும் குழறலையும் பார்த்து ஊரே குடிகாரன் என்று முடிவு கட்டுவது எங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்ததில்லை. இந்த நோய் இருக்கும் வீடுகளில் கேட்டால் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

அம்மாவுக்கு 43 வயதில் ஆரம்பித்தது. முதலில் வந்தது நடுக்கமோ தள்ளாட்டமோ இல்லை, எரிச்சல். வீட்டுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தவர், ஒரே பில்லை இரண்டு முறை கட்டினார், இன்னொன்றைக் கட்டவே மறந்தார். ஒரு வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். மாதவிடாய் நிற்கும் வயது என்றார் ஒருவர். மனச்சோர்வு என்றார் இன்னொருவர், மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை அம்மாவுக்கு உதவியது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எட்டு வருடத்தில் ஒருவர்கூட "உங்க அப்பா எப்படி இறந்தாங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? குடி என்றுதான்.

கடைசியில் அதைக் கேட்டவர் ஒரு நரம்பியல் மருத்துவர். அவர் ஸ்கேனைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே தன் இரண்டு விரல்களை நீட்டி, "இதை இறுக்கிப் பிடிங்கம்மா, விடாதீங்க" என்றார். அம்மா பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. விடக்கூடாது என்று அம்மா முழுக் கவனமாகத்தான் இருந்தார், முகத்தில் தெரிந்தது. கை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பால் கறக்கும் கை மாதிரி இருப்பதால் மருத்துவத்திலும் அந்தப் பெயரிலேயே இதைச் சொல்வார்களாம். அப்புறம் நாக்கை நீட்டிப் பத்து விநாடி வைத்திருக்கச் சொன்னார். மூன்று விநாடிக்கு மேல் நாக்கு வெளியே நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அம்மா குடி என்றார். "நிச்சயமா?" என்று கேட்டார் டாக்டர். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா இல்லைன்னுதான் சொல்வாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த முதல் பாடம் அந்த அறையில் கிடைத்ததுதான். குடும்ப வரலாறு எழுதும்போது நோயின் பெயரை எழுதாதீர்கள். பெயர் தவறாக இருக்கலாம். என்ன தெரிந்தது, எந்த வயதில் தெரிந்தது என்று எழுதுங்கள். அடிக்கடி விழுந்தாரா, எழுத்து மாறியதா, விழுங்கும்போது புரையேறியதா, குணம் மாறியதா, தற்கொலை நடந்ததா, என்ன வயதில் இறந்தார். மூன்று தலைமுறை, அப்பா வழியும் அம்மா வழியும். ஒரு தாளில் கட்டங்களாக வரைந்தால் போதும். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பாட்டியின் வார்த்தையை யாராவது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அம்மாவுக்கு எட்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நம் டிஎன்ஏ நான்கு எழுத்துகளால் ஆனது. நான்காவது குரோமோசோமில் ஒரு மரபணுவில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும். 26 முறை வரை வந்தால் சாதாரணம். 27 முதல் 35 வரை இருப்பவருக்கு நோய் வராது, ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது எண் கூட வாய்ப்பு உண்டு, குறிப்பாக அப்பா வழியில் போகும்போது. 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 40 அல்லது அதற்கு மேல் என்றால் வழக்கமான ஆயுளுக்குள் நோய் வந்தே தீரும். ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நீண்டிருந்தாலே நோய்க்குப் போதும்.

இந்த எண்ணை எண்ண முடிகிறது என்பதே எவ்வளவு பேருடைய உழைப்பு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெனிசுலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்த நோய் உள்ள பெரிய குடும்பங்கள் இருந்தன. நான்சி வெக்ஸ்லர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் வருடா வருடம் அங்கே போய், யாருக்கு யார் பிள்ளை என்று குடும்ப மரம் வரைந்து, இரத்தம் சேகரித்தார்கள். 1983-ல் நோய் நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது. மரபணுவையே கண்டுபிடிக்க இன்னும் பத்து வருடம், 1993. வெக்ஸ்லரின் அம்மாவும் இதே நோயால்தான் இறந்தார். தனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தெரிந்தே அவர் இந்த வேலையைச் செய்தார். அம்மாவின் ரிப்போர்ட் என் கையில் இருந்தபோது அந்த ஏரிக்கரை மனிதர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் கையை நீட்டியிருக்காவிட்டால் தாத்தா இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் குடிகாரர்தான்.

இப்போது நான் செய்த தவறு. ரிப்போர்ட் வந்த அன்று இரவே மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உங்களுக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு மாமா, புள்ளைங்களுக்கும் இருக்கலாம்." நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இதை நான் உன்கிட்ட கேட்டேனா?" போனை வைத்தார். இரண்டு வருடம் பேசவில்லை. மரபணு ஆலோசகர்கள் உறவினர்களுக்குக் கொடுப்பதற்காகவே ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். குடும்பத்தில் இப்படி ஒரு நோய் தெரியவந்திருக்கிறது, விரும்பினால் இவரைத் தொடர்புகொள்ளலாம் என்ற அளவில் இருக்கும். படிப்பதா, எப்போது படிப்பது என்பது அவர் கையில் இருக்கும். அந்தக் கடிதம் என் பையில் இருந்தது. அதைத் தந்திருக்க வேண்டும்.

என் முறைக்கு வருகிறேன். ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். குழந்தை பெற்றுக்கொள்வதா என்ற கேள்வி வந்தபோதுதான், 2022-ல், சோதனைக்குப் போனேன். அறிகுறி எதுவும் இல்லாதவர் எடுக்கும் சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது, உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் ஆலோசகருடன் பேச்சு. பிறகு நரம்பியல் பரிசோதனை, மனநிலை குறித்த பேச்சு. யோசிக்க இடைவெளி. அதற்குப் பிறகே இரத்தம். முடிவை நேரில்தான் சொல்வார்கள், போனில் சொல்லமாட்டார்கள். எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம், முடிவு தயாராகி மேசைமேல் இருந்தாலும்கூட. 18 வயதுக்குக் கீழே உள்ள, அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குச் செய்யமாட்டார்கள், பெற்றோர் கேட்டாலும்.

இந்த இழுவை அப்போது எனக்குப் பொறுமையைச் சோதித்தது. ஒரு குழாய் இரத்தத்துக்கு இத்தனை சடங்கா என்று இருந்தது. இன்றைக்குக் கேட்டால் ஒரு நாளைக்கூடக் குறைக்கக்கூடாது என்பேன். இரண்டாவது சந்திப்பில் ஆலோசகர் கேட்டார்: "'இருக்கு'ன்னு பதில் வந்தா மறுநாள் காலையில என்ன செய்வீங்க?" அதற்கு நான் தயாராக இருந்தேன். லீவு, சேமிப்பு, கணவரிடம் சொல்ல வேண்டியது, எல்லாம் மனதில் வரிசையாக இருந்தது. "சரி. 'இல்லை'ன்னு வந்தா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சந்தோஷப்படுவேன் என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்.

முடிவு வாங்கப் போகிறவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். ஆனால் உடன்பிறந்தவரை வேண்டாம். அவர் உங்கள் பதிலைக் கேட்கும்போது தன் பதிலையும் சேர்த்தேதான் கேட்பார், உங்களைத் தாங்க அவரால் முடியாது. நான் கணவருடன் போனேன். ஆலோசகர் உட்காரச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொன்னார்: "உங்களுக்கு இல்லை." தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 17, 21. அந்த 21 அப்பாவுடையது. 17 அம்மா கொடுத்தது, அம்மாவுக்குப் பாட்டி கொடுத்தது. எனக்கு வந்தது பாட்டியின் எண்.

அழுதேன். சந்தோஷம்தான். அது இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் தம்பி வந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டான், உண்மையாகவே மகிழ்ந்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அப்ப எனக்குத்தான்க்கா."

படித்தவன், கணக்குத் தெரிந்தவன். ஆனாலும் இரண்டு பிள்ளை, பாதிக்குப் பாதி, ஒருவருக்கு இல்லையென்றால் மற்றவருக்கு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. அது தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் நாணயம் சுண்டப்படுகிறது. என் நாணயம் எப்படி விழுந்தது என்பது அவன் நாணயத்துக்குத் தெரியாது. நான்கு பிள்ளைகளில் நால்வருக்கும் வந்த வீடுகள் உண்டு, ஒருவருக்கும் வராத வீடுகளும் உண்டு. இதை அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. தலையாட்டுவான். மனசு கேட்பதில்லை. ஆலோசகர் அன்றைக்குக் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போது புரிந்தது. எனக்கு வந்த நல்ல செய்தி அவன் தலையில் பாரமாக இறங்கியது. நோய் இல்லை என்று தெரிந்தவர்களும் குற்ற உணர்வில் தவிப்பது ஆலோசகர்கள் நன்றாக அறிந்த விஷயம். அதனால்தான் முடிவுக்குப் பிறகும் என்னை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார்கள். அந்தச் சந்திப்புகளைத் தவிர்க்காதீர்கள், பதில் எதுவாக இருந்தாலும்.

தம்பி இன்றுவரை சோதித்துக்கொள்ளவில்லை. அது கோழைத்தனம் என்று முதலில் நான் நினைத்தேன், இப்போது நினைக்கவில்லை. இந்த நோயைத் தடுக்கும் மருந்து கையில் இல்லாத நிலையில், தெரிந்துகொள்ளாமல் வாழ்வதும் ஒரு முடிவுதான். வாய்ப்பு உள்ளவர்களில் சோதனை எடுப்பவர்கள் பல நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. சோதனைக்கு வழி திறந்துவிட்ட வெக்ஸ்லரே நீண்ட காலம் தன் நிலையை உலகுக்குச் சொல்லவில்லை. 2020-ல்தான் தனக்கும் அந்த நோய் இருப்பதை வெளியில் சொன்னார்.

வேறு சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காப்பீடு எடுப்பதாக இருந்தால் அதைப் பற்றிச் சோதனைக்கு முன்பே விசாரியுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 2008 சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும் பாதுகாக்கிறது, ஆயுள் காப்பீட்டைப் பாதுகாக்கவில்லை. நோய் உள்ளவர் ஒருவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைச் சோதிக்க வேண்டும். அவரிடம் என்ன மாற்றம் என்று தெரியாமல் ஆரோக்கியமானவரைச் சோதித்து "இல்லை" என்று வந்தால், அந்த "இல்லை"க்கு முழு அர்த்தம் கிடையாது. தபாலில் எச்சில் அனுப்பி எடுக்கும் சோதனைகளை இதற்கு நம்பாதீர்கள். தெரிந்த சில இடங்களில் எழுத்து மாறியிருக்கிறதா என்றுதான் அவை பெரும்பாலும் பார்க்கின்றன, இப்படித் திரும்பத் திரும்ப வருவதை எண்ண வேறு முறை வேண்டும். குழந்தை வேண்டும், ஆனால் தன் எண்ணைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பவர்களுக்கும் செயற்கைக் கருத்தரிப்பில் வழி இருக்கிறது. நேரடியாக ஆலோசகரிடம் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றித் தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: அப்பாவுக்கு பார்க்கின்சன், அத்தைக்கு அல்சைமர், நாங்களும் சோதிக்கணுமா? என் அனுபவத்தை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள். ஹண்டிங்டனுக்கு ஒரே மரபணு, ஒரே காரணம். அல்சைமரில் ஒரே மரபணு மாற்றத்தால் நேரடியாக வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கும் வகை. அதிகம் பேசப்படும் அப்போ-ஈ4 என்ற மரபணு வகை வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். அது இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம், இல்லாமலே வந்தவர்களும் ஏராளம். பார்க்கின்சனில் எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் மாற்றம் இருப்பவர்களில்கூடப் பலருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதில்லை. பல உறவினர்களுக்கு வந்திருந்தாலோ, இளம் வயதில் தொடங்கியிருந்தாலோ ஆலோசகரைப் பாருங்கள். மற்றபடி வாசனை தெரியாமல் போவது, கனவில் கைகாலை வீசுவது போன்றவை பார்க்கின்சனுக்குப் பல வருடம் முன்பே வரலாம் என்பது தெரிந்த செய்தி. வீட்டில் அப்படி யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மரபணுச் சோதனையைவிட அது பயன்படும்.

அம்மாவின் 44-ஐ வைத்து எந்த வயதில் என்ன ஆகும் என்று நான் இரவெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறேன். வீண். எண் கூடினால் நோய் சீக்கிரம் வரும் என்பது பொதுவாக உண்மை, ஆனால் ஒரே எண் உள்ள இருவருக்குப் பல வருட வித்தியாசத்தில் வரும். ஏன் என்று தேடி, 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வந்தது. டிஎன்ஏ-வில் ஏற்படும் பழுதைச் சரிபார்க்கும் மரபணுக்கள்தான் நோயை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுகின்றன என்று அது காட்டியது. 2025 ஜனவரியில் வந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. பிறக்கும்போது 44 என்று இருக்கும் எண், மூளையின் சில நரம்பணுக்களுக்குள் மட்டும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் மிக மெதுவாக. 80-ஐத் தாண்டினால் வேகமாக. 150-ஐத் தாண்டிய பிறகுதான் அந்த அணு கெட ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் அந்த வளர்ச்சியைத் தடுத்தாலே நோயைத் தள்ளிப்போடலாம், அதற்குப் பல பத்தாண்டுகள் அவகாசமும் இருக்கிறது. இதைப் படித்த அன்று தம்பிக்கு அனுப்பலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாமா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "ஆராய்ச்சியில ஒரு நல்ல செய்தி இருக்கு, வேணும்னா சொல்றேன்" என்று மட்டும் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து "சொல்லு" என்று வந்தது.

நல்ல செய்தியையும் அளந்துதான் சொல்கிறேன். 2021 மார்ச்சில் டொமினெர்சன் என்ற மருந்தின் பெரிய சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அம்மாவிடம் அந்த மருந்தைப் பற்றி ஆசையாகப் பேசியிருந்தேன், நிறுத்திவிட்டார்கள் என்றும் நானே சொல்ல வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில், மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஒரு மரபணு சிகிச்சை நோயின் வேகத்தை மூன்று வருடத்தில் 75 விழுக்காடு குறைத்ததாக அதைத் தயாரிக்கும் நிறுவனம் அறிவித்தது. அந்த 75 வந்தது அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம், அவர்களில் மூன்று வருடம் முடித்தவர்கள் 12 பேர்தான். அந்த 12 என்ற எண்ணையும் சேர்த்தே தம்பிக்குச் சொன்னேன்.

என்ரோல்-எச்டி என்று ஓர் ஆய்வு பல நாடுகளில் நடக்கிறது, 20,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நோய் உள்ளவர், வாய்ப்பு உள்ளவர், இல்லை என்று தெரிந்த என்னைப் போன்றவர், எல்லோரும் சேரலாம். வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். மரபணு முடிவை நமக்குச் சொல்லமாட்டார்கள், அதுதான் விதி. நோய் தொடங்குவதற்கு ஏறக்குறைய 24 வருடம் முன்பே, சிந்தனையில் எந்தக் குறையும் இல்லாதபோதே, நரம்பணு சிதைவதைக் காட்டும் ஒரு புரதம் தண்டுவட நீரில் கூடத் தொடங்குகிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். வாய்ப்புள்ள இளம் வயதினர் ஆராய்ச்சிக்கு முன்வந்ததால்தான் அது தெரிந்தது. நான் சேர்ந்ததைத் தம்பியிடம் சொல்லியிருந்தேன், வா என்று கூப்பிடவில்லை. போன வருடம் அவனே கேட்டான்: "ரிசல்ட் நிஜமாவே சொல்லமாட்டாங்கல்ல?"

அவனோடு போனேன். வருடக்கணக்காக ஒரு பழக்கத்தை எனக்கு நானே ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன்: அவன் எதிரே உட்கார்ந்திருந்தால் அவன் விரல்களைப் பார்ப்பதில்லை. அவன் கையிலிருந்து பேனா விழுந்தால் நான் குனிந்து எடுப்பதில்லை, பார்த்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. உடன்பிறந்தவர்கள் கண்ணாலேயே சோதிப்பது எவ்வளவு வலிக்கும் என்று அவன் ஒருமுறை சொல்லியிருக்கிறான். பரிசோதிப்பவர் அவன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரல்களை நீட்டினார். "இறுக்கிப் பிடிங்க" என்று அவர் சொல்வதற்குள் நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.